படகுக்குப் படகு ஒரு குறை

ஆலப்புழைக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக மகள் சொன்னபோது என் வீட்டுக்காரர் குளியலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இன்னும் இரண்டு சொட்டு விட்டார். கதவு சத்தம் போடுவதை ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தது.

“அப்பா, கேட்டுச்சா? ஆலப்புழை. ஊரு முழுக்கக் கால்வாய். என் செலவு.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. போய்ட்டு வாங்க.”

“நாலு பேருக்கும்பா. நீங்களும்தான்.”

அவர் எண்ணெய்க் குப்பியை மூடினார். திறந்து பார்த்தார். மறுபடி மூடினார்.

மகள் படிப்பை முடித்து ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் சம்பளத்தில் எங்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்தாள். அது எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே, தான் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். நாங்கள் குடும்பமாக ஊர் சுற்றப் போனதே கிடையாது. வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறோம், அது வேண்டுதல். கல்யாணங்களுக்குப் போயிருக்கிறோம், அது முறை. சும்மா பார்ப்பதற்காக மட்டும் ஒரு ஊருக்குப் போவது எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை. அதற்காக அவள் மாதக்கணக்கில் ஃபோனில் தேடினாள். கடைசியில் பிடித்தது, இருநூறு வருடங்களுக்கு முன்பே கால்வாய் வெட்டி, கயிறும் மிளகும் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோன ஒரு பழைய ஊர்.

நாலாவது ஆள் என் நாத்தனார். இவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. வீட்டைவிட்டு யார் கிளம்பினாலும் ஜெபம் செய்துதான் அனுப்புவார். பால் வாங்கப் போனால்கூடச் சின்னதாக ஒன்று உண்டு. தம்பியைக் கிண்டல் செய்வதும் அவருக்கு ஜெபம் மாதிரிதான், ஒருநாளும் தவறாது.

நான் பொத்தேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது வரைக்கும் படிப்பு. மிச்சப் படிப்பெல்லாம் கடை மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொல்லிக்கொடுத்தது. மெஷின் சூடாகும்வரை மனிதர்கள் சும்மா நிற்க மாட்டார்கள், ஏதாவது சொல்வார்கள். ஒரு கல்லூரிப் பையன் மார்க் ஷீட்டை நீட்டி, “அக்கா, கொஞ்சம் லைட்டா போடுங்க, பேரு மட்டும் தெரிஞ்சா போதும்” என்றான். அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் இராத்திரிச் சாப்பாட்டோடு வீட்டில் பரிமாறுவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார், பேச மாட்டார். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர். இரும்பைப் பற்றி மட்டும் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனி வருவது விளங்காது. நாங்கள் இருப்பது சென்னையில் முடிச்சூர் பக்கம். அந்தப் பெரிய வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் படகு ஓடியது. மகளையும் என்னையும் முதல் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு இவர் அடுத்ததில் வந்தார். அந்தப் படகு தண்ணீருக்கடியில் மறைந்திருந்த காம்பவுண்டுச் சுவரில் இடித்துச் சாய்ந்தது. விழுந்தது இவர் ஒருவர்தான். நீச்சல் தெரியாது. கழுத்தளவு தண்ணீர்தான், காலை ஊன்றினால் நிற்கலாம். அது தெரிவதற்குள் நிறையக் குடித்துவிட்டார். படகுக்கார மீனவர் ஒருவர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டார். எங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்து சேர்ந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “பாப்பாவுக்குத் தெரிய வேணாம்” என்பதுதான். அவளுக்கு அப்போது பதினொரு வயது, பயந்துவிடுவாள் என்று. அதே படகில் வந்த அண்ணியிடமும் சத்தியம் வாங்கிவிட்டார்.

அதோடு படகு என்றாலே அவருக்குக் கை ஜில்லிட்டுப் போகும். ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் முட்டுக்காட்டுப் படகுத்துறையில் நின்றபோது, வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பார்க்கிங்கிலேயே நின்றுவிட்டார். பயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவள் பெரியவளான பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருடம் ஆக ஆக வாய் ஒட்டிக்கொள்கிறது.

அவள் இந்த ஊரைப் பிடித்ததற்குக் காரணமே படகுதான். இரண்டாம் நாளுக்கு ஒரு படகை அமர்த்தி, நாலு பேர் பெயரும் கொடுத்திருந்தாள். இவர் ஏறாவிட்டால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குக் கிளம்பும்போதே கவலை. ஏன் ஏறவில்லை என்பதும் தெரியாமல் போனால், தான் கொடுத்ததை அப்பா மதிக்கவில்லை என்றுதானே நினைப்பாள்.

*

முதல் நாள் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ரயிலை விட்டு இறங்கி, அறையில் பையை வைத்துவிட்டுக் கால்வாய்க் கரையோரமாக நடந்தோம். இரண்டு பக்கமும் தெரு, நடுவில் பச்சைத் தண்ணீர், சில இடத்தில் ஆகாயத்தாமரை. கரையோரம் பழைய கிடங்குகள், ஓடு போட்டு, மரக்கதவு வைத்து, சில பூட்டிக்கிடந்தன, ஒன்றில் செல்ஃபோன் கடை இருந்தது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, நம் ஊரில் தண்ணீர் வந்தால் தெரு கால்வாயாகும், இங்கே கால்வாயையே தெருவாக வைத்திருக்கிறார்கள், முன்ஜாக்கிரதையான ஜனங்கள் என்றார். சொல்லிவிட்டுத் தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் கரையை விட்டு ஓர் அடி தள்ளி நடந்தார்.

ஆனால் கால்வாய்க்குக் குறுக்கே ஓர் இரும்புப் பாலம் வந்தது. அவ்வளவுதான், மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. கைப்பிடியைத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார், மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கடற்கரைக்குப் போனோம். பழைய காலத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றிய பாலத்தின் இரும்புத் தூண்கள் கடலுக்குள் வரிசையாக நின்றன, மேலே ஒன்றும் இல்லாமல். உப்புத் தண்ணீரில் இத்தனை வருடம் நிற்கிறதே என்று அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். எல்லோரும் கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்க, இவர் துருவைப் படம் எடுத்தார். மகளுக்கும் அதில் ஒரே பெருமை. தான் பிடித்த ஊர் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது என்று என் தோளில் இடித்துக் காட்டினாள்.

அந்தத் தைரியத்தில்தான் சாயங்காலம் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். நாளைக்குப் பெரிய சவாரி, இன்று சும்மா ஒரு சுற்று.

துறையில் பஸ் மாதிரி ஜனங்களை ஏற்றிப் போகிற இரும்புப் படகு ஒன்று நின்றது. இவர் பக்கத்தில் போய் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“பெயிண்டுக்கு அடியில துரு கீது பாப்பா. இதுல வேணாம்.”

ஊர்க்காரப் பெண்கள் காய்கறிப் பையோடு அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். துரு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. மகள் சரி என்று அடுத்த சின்ன மோட்டார் படகைக் காட்டினாள். அதில் இஞ்சினைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று ஆடுகிறது என்றார். மூன்றாவதாகப் பெரிய மரப்படகு, மேலே கூரை போட்டு வீடு மாதிரி. இதில் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் அண்ணியும் காத்திருந்தோம். சுற்றிச் சுற்றி வந்தார். படகுக்காரர் வந்து, ஆணியே அடிக்காமல் பலகையைக் கயிறு போட்டுத் தைத்துக் கட்டியது, இந்த ஊர்ப் பழைய முறை என்று பெருமையாகச் சொன்னார்.

இவருக்கு முகம் தெளிந்துவிட்டது. “ஒரு ஆணி இல்ல, ஒரு வெல்டு இல்ல. இரும்பே இல்லாம எப்டி நம்பி ஏர்றது?”

“டேய்,” என்றார் அண்ணி, “இரும்பு இருந்தா துரு. இல்லாட்டி நம்பிக்கை இல்ல. நோவா உன்னைக் கேட்டுட்டு பேழை கட்டியிருந்தாருன்னா, ஒரு ஜீவன் பொழைச்சிருக்காது.”

துறையில் நின்ற யாரோ தமிழ்க்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

அறைக்கு வந்ததும் என்னிடம் மட்டும் கேட்டாள். அப்பாவுக்கு இஷ்டம் இல்லையென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நான் வாங்கிக் கொடுக்கிற எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்கத்தான் வேண்டுமா, ஃபேன் வாங்கினேன், சத்தம் வருகிறது என்றார், செருப்பு வாங்கினேன், அடி மெல்லிசு என்றார் என்று வரிசையாகச் சொன்னாள். அழவில்லை. தலையணை உறையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் அது என்னுடைய கதை இல்லையே, அவருடையது. அவரைத் தனியாகப் பிடித்து, நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, “அவ எதிர்ல நான் எப்டிமா சொல்லுவேன்” என்றார். அவளுக்கு நான்தானே தைரியம் என்றும் சொன்னார்.

*

மறுநாள் காலை அவள் அமர்த்திய படகு கால்வாய்க் கரைக்கே வந்து நின்றது. பத்துப் பேர் உட்காரலாம். மர உடம்பு, மேலே வெயில் படாமல் இருக்க இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தார்ப்பாய் கட்டிய கூரை, உள்ளே மெத்தை போட்ட இருக்கைகள். படகுக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால் தமிழ் நன்றாகவே பேசினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வழியில் ஒரு வீட்டில் கரிமீன் பொரித்து வைக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அண்ணி கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். முடித்துக் கண்ணைத் திறந்தபோது, இவர் படகுக் கூரையின் முன்பக்கத்துத் தூணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல ஏறக் கூடாது,” என்றார்.

மகள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “இன்னாப்பா இதுல?”

“இந்தத் தூணு அடியில வெல்டு வுட்டுப் போச்சு. கிராக் சுத்தி வந்துட்டுது. கூரை தலைமேல வுழும்.”

“நேத்து துரு. அப்புறம் போல்ட்டு. அப்புறம் இரும்பே இல்ல. இன்னைக்குக் கிராக்.” அவள் குரல் உயரவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “நீங்க வர வேணாம்பா. ரூம்ல இருங்க. நாங்க போய்ட்டு வர்றோம்.”

“நீங்களும் போகக் கூடாது.”

“அப்பா, போதும்.”

அண்ணிகூடப் படகுக்காரரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானும் நம்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள் மூன்று படகைத் தள்ளிவிட்ட மனிதர், நாலாவதையும் தள்ளுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு எங்களை விட்டுவிட்டுப் படகுக்காரரைக் கூப்பிட்டார். கரையில் நின்றபடியே கையை நீட்டித் தூணின் மேல்பக்கத்தைப் பிடித்து மெதுவாக ஒரு தள்ளு தள்ளினார்.

அடியில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்தது. கூரை ஒரு பக்கமாக முனகியது.

படகுக்காரர் குனிந்து பார்த்தார். போன மழைக்காலத்தில் ஒட்டவைத்தது, பெயிண்டு மூடியிருந்ததால் தெரியவில்லை என்று தலையைச் சொறிந்தார். மகள் கிட்டே போய் அந்தப் பிளவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடி பிளவைப் பார்த்தாள்.

வேறு படகு கிடைக்குமா என்றால், அன்றைக்கு ஞாயிறு, எல்லாம் சவாரியில் இருந்தன. பக்கத்திலேயே கால்வாய்க் கரையில் தன் மச்சானின் பட்டறை இருக்கிறது, வெல்டிங் மெஷின் உண்டு, வேலை செய்கிற ஆள்தான் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான் என்று படகுக்காரர் சொன்னார்.

“மெஷின் கீதா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். “ராடு கீதா?”

படகுக்காரர் படகைக் கழியால் தள்ளிக்கொண்டு மெதுவாகத் தண்ணீரில் வந்தார். நாங்கள் நாலு பேரும் கரையில் அதற்கு இணையாக நடந்தோம். தூணுக்கு எவ்வளவு கனம், குழாய் எந்த அளவு, கூரை எவ்வளவு எடை என்று இவர் கரையிலிருந்து கேட்க, அவர் தண்ணீரிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே படகில் பாடிக்கொண்டு வந்த ஒரு கும்பல் எங்களைப் பார்த்துக் கையாட்டியது. ஊர் சுற்றிப் பார்க்க வந்து வேலைக்குப் போகிற குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம் என்றார் அண்ணி.

பட்டறை ஒரு பழைய கிடங்கின் பின்பக்கம். படித்துறையில் படகைக் கட்டினார்கள். இவர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். தார்ப்பாயை அவிழ்த்து எடுக்கச் சொன்னார், சாக்கை நனைத்து மெத்தைமேல் போடச் சொன்னார், தான் நிற்க ஒரு காய்ந்த பலகையும் ரப்பர் செருப்பும் கேட்டார். கேபிளைக் கையால் உருவிப் பார்த்து ஓர் இடத்தில் டேப் சுற்றினார். மச்சான் என்கிறவர் வந்து பார்த்துவிட்டு, முதலாளி மாதிரி நிற்க ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ராடு எடுத்துக் கொடுக்கிறவராக ஆகிவிட்டார். கையில் ராடைப் பிடிக்கிற ஹோல்டர் இருந்தால் என் வீட்டுக்காரரிடம் யாராக இருந்தாலும் அப்படித்தான்.

பழைய வெல்டைக் கிரைண்டரால் சுரண்ட வேண்டும். கரையிலிருந்து எட்டவில்லை. அவர் பலகையை எடுத்துப் படகுக்குள் போட்டார், அதன்மேல் ஏறி நின்றார், குனிந்தார்.

நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். அண்ணி ஏற்கெனவே என் கையைப் பிடித்திருந்தார். படகு ஒரு பக்கம் தாழ்ந்து நிமிர்ந்தது. அவர் கவனிக்கவில்லை. அவர் கண் முழுக்க அந்தத் தூணின் அடியில் இருந்தது. மகள், எங்களுக்கு என்ன ஆயிற்று என்று எங்களையே பார்த்தாள். அண்ணி அவளிடம், “ஒண்ணும் இல்ல கண்ணு, உங்கப்பன் வேலை செய்யுறதைப் பார்த்து ரொம்ப நாளாச்சு” என்றார்.

முக்கால் மணி நேரம் ஆனது. தூணைச் சுற்றி ஒட்டினார், அது போதாது என்று அடியில் முக்கோணமாகத் தகடு வெட்டி நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தார். சுத்தியலால் தட்டி மேலே படிந்திருந்த கசடை உதிர்த்தார். உள்ளே ஒட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகச் சில்லறை அடுக்கின மாதிரி பளபளவென்று இருந்தது. படகுக்காரர் விரல் வைக்கப் போய், சூடு தெரிந்து எடுத்துக்கொண்டார். கூலி என்று ஆரம்பித்தவரை, வெல்டிங்குக்கு வந்த ஆள் இல்லை, சவாரிக்கு வந்த ஆள் என்று இவர் நிறுத்திவிட்டார்.

அதைச் சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. பலகைமேல் நின்றபடி இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தார். முகத்தில் இருந்த வேர்வை வேறு வேர்வையாக மாறியதை நான் பார்த்தேன். ஹோல்டரைக் கரைக்கு நீட்டினார். பின்னாலேயே காலையும் எடுத்து வைக்கப் போனார்.

இவர் வேலை பார்க்கிற திருமுடிவாக்கம் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஏணியோ மாடிப்படியோ ஊஞ்சலோ, வெல்டு போட்டவர்தான் முதலில் அதில் ஏற வேண்டும். அவர் ஏறி இறங்காமல் கஸ்டமர் கையில் கொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடிப் படியில்கூட அவர் மூன்று தடவை குதித்துக் காட்டிய பிறகுதான் எங்களை ஏற விட்டார். இது மகளுக்கும் தெரியும், குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்தவள்.

“அப்பா,” என்றாள் கரையிலிருந்து. காலையில் இருந்த குரல் இல்லை. “வெல்டு போட்டவங்க மொதல்ல போகணும்ல?”

அவள் அதை வம்புக்குச் சொல்லவில்லை. அவருடைய வேலைக்கு மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவரால் தட்ட முடியவில்லை என்று நினைக்கிறேன். எடுத்த கால் அந்தரத்தில் நின்றது. எங்களைப் பார்த்தார், தூணைப் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “ஓடும்போது அதிரும். கூட இருந்துதான் பார்க்கணும்.”

தார்ப்பாயைக் கட்டும் நேரத்துக்குள் ஒட்டு ஆறிவிட்டது. அவர் தூணுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அண்ணி மறுபடி ஒரு ஜெபம் செய்தார். அது நீளமாக இருந்தது. யாருக்காக என்று சொல்லாமலே செய்தார்.

*

கால்வாய் அகலமாகி, ஒரு திருப்பத்தில் சட்டென்று காயலாகத் திறந்தது. எங்கே பார்த்தாலும் தண்ணீர். தூரத்தில் தென்னை மரங்கள் கோடு போட்ட மாதிரி. ஒரு பெரிய படகு கடந்து போனது, அதன் அலை வந்து எங்களைத் தூக்கி இறக்கியது. அண்ணி சிரித்தார். நான் கம்பியைப் பிடித்தேன். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “வெல்டு புடிச்சிருக்குது” என்றார், யாரும் கேட்காமலே.

மகள் எதிர் இருக்கையிலிருந்து எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையைத் தொட்டாள். வெயிலில் அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னாள்.

“அப்பா, இன்னா ஆச்சு?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “பயம் பாப்பா,” என்றார்.

அவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை. இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். காம்பவுண்டுச் சுவர், தலைக்கு மேலே போன தண்ணீர், காலரைப் பிடித்த கை. முட்டுக்காட்டில் பார்க்கிங்கில் நின்றது எதற்கு என்பதையும், நேற்றுச் சொன்ன துரு அத்தனை மோசமில்லை என்பதையும் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் தான் எவ்வளவு குடித்தோம் என்று கொஞ்சம் குறைத்துச் சொன்னார். அண்ணி குறுக்கிட்டு, இல்லை, அரை வாளியாவது இருக்கும், வாந்தி எடுத்ததைப் பார்த்தவள் நான் என்று திருத்தினார்.

மகள் அவர் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். எங்கள் மூன்று பேரிடமும் கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபித்தாள்தான், ஆனால் அப்பாவிடம் இல்லை. என்னையும் அத்தையையும் பார்த்து, “உங்க ரெண்டு பேர் வாயில ஒரு ரகசியம் தங்குச்சுன்னு சொன்னா முடிச்சூர்ல யாரும் நம்ப மாட்டாங்க” என்றாள்.

“திரும்பிடலாமாப்பா?” என்று அவரைக் கேட்டாள். “எனக்கு ஒண்ணும் இல்ல. நிஜமா.”

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து தண்ணீரைப் பார்த்தார். “கரிமீன் சொல்லி வெச்சிருக்காரு இல்ல,” என்றார்.

அந்த வீடு தண்ணீர்க் கரையில் இருந்தது. எல்லோரும் இறங்கி உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவர் இறங்க மறுத்துவிட்டார். இறங்கினால் மறுபடி ஏறுவேனா என்று எனக்கே தெரியாது, அதனால் இங்கேயே இருக்கிறேன் என்றார். ஆகவே இலையும் மீனும் படகுக்கு வந்தன. ஒரு கையால் கரிமீன் சாப்பிடுவது முடிகிற காரியம் இல்லை, முள் அப்படி. இடது கையைத் தூணிலிருந்து எடுக்கவும் மாட்டார். மகள் முள்ளை எடுத்து எடுத்து அவர் இலையில் சதையை வைத்தாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே, மசாலாவில் மிளகு கொஞ்சம் தூக்கல் என்று குறை சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாலு மணி நேரமும் அவர் தூணை விடவில்லை. கண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. திரும்பும்போது ஒரு கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், இன்னொரு கரையில் வாத்துக் கூட்டம், மிதக்கிற பெட்டிக்கடை என்று எல்லாவற்றையும் வலது கையை நீட்டி எங்களுக்குக் காட்டினார், என்னமோ நாங்கள் அதையெல்லாம் பார்க்காதவர்கள் மாதிரி.

படித்துறையில் இறங்கியதும் படகுக்காரர், “வெல்டு எப்படி சாரே?” என்று கேட்டார்.

“அது பத்து வருசம் நிக்கும்பா,” என்றார் என் வீட்டுக்காரர். “நான் நிக்க முடியாது. கொஞ்சம் உக்கார்றேன்.”

முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன, அதை மறைக்கவில்லை. நாங்களும் வரிசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தோம். போகிற வருகிற படகுக்கெல்லாம் அண்ணி கையாட்டினார். மகள் ஃபோனில் யாரிடமோ, எங்க அப்பா படகுல போனாரு, நாலு மணி நேரம், பயந்துகினே போனாரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, மறுப்புச் சொல்லாமல், கால் நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தார்.